சுடச் சொல்லும் அதிகாரம்: ராணுவ ரோந்துத் தலைவரும் சட்டமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், ஆளுநர் மாளிகை என்று மேலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இன்று கீழிருந்து தொடங்குகிறேன். இந்தியத் தரைப்படையின் காலாட்பிரிவில் செக்‌ஷன் என்பது பத்துப் பேர் கொண்ட சிறு அணி. அதை நடத்துபவர் ஹவில்தார். அவருக்குக் கீழே நாயக், லான்ஸ் நாயக். இந்த மூன்று நிலையினரையும் சேர்த்து என்.சி.ஓ. என்கிறார்கள். மேலே நாயப் சுபேதார், சுபேதார் ஆகிய ஜே.சி.ஓ.க்கள். இரவு ரோந்து போனாலும் சரி, சாலையில் நாக்கா போட்டு வண்டிகளைச் சோதித்தாலும் சரி, ஆட்களுடன் களத்தில் நிற்பவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான். மேஜரும் கர்னலும் வரைபடத்தை விரித்துத் திட்டமிடலாம். இருட்டில் ஒரு வண்டி வருகிறது, நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்றால் விடுவதா சுடுவதா என்று சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டியவர் ஹவில்தார்.

ஒரு குடிமகனின் உயிரை எடுக்கும் முடிவை நம் சட்டம் எந்தப் படிநிலை வரை இறக்கி வைத்திருக்கிறது? இறக்கியபோது கூடவே என்னென்ன கடமைகளைச் சுமத்தியது? அந்தக் கடமை தவறும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்குள் என் உரையை அடக்கிக்கொள்கிறேன்.

1. அதிகாரம் இறங்கி வந்த படிகள்

முதலில் சாதாரணச் சட்டம். கலவரக் கூட்டத்தைப் போலீசால் கலைக்க முடியாதபோது ராணுவத்தை அழைப்பவர் மாஜிஸ்திரேட். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130, 131ஆம் பிரிவுகள் இதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149, 150ஆம் பிரிவுகள் இருக்கின்றன. மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்டபடி கூட்டத்தைக் கலைக்கும் படை அதிகாரி, அந்த நோக்கத்துக்கு எவ்வளவு குறைவான பலம் போதுமோ அவ்வளவையே பயன்படுத்த வேண்டும். ஆளுக்கும் உடைமைக்கும் எவ்வளவு குறைவான சேதம் முடியுமோ அவ்வளவே செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியாத நெருக்கடியில் ராணுவம் தானாக இறங்கலாம். ஆனால் அந்த முடிவை எடுப்பவர் ஆணையம் பெற்ற (கமிஷன்ட்) அதிகாரியாகவோ கெசட்டட் அதிகாரியாகவோ இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுடன் தொடர்பு கிடைத்ததும், தொடர்வதா நிறுத்துவதா என்பதில் அவர் சொல்படி நடக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் ஹவில்தாருக்குத் தனியாக முடிவெடுக்கும் இடமே கிடையாது.

இரண்டாவது படி 1942 ஆகஸ்ட். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தை ஒடுக்க வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் அரசு ஆயுதப்படைகள் சிறப்பு அதிகார அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மரணம் விளையும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்த அது அனுமதித்தது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கேப்டன் நிலைக்குக் கீழே இறங்க அந்நிய அரசு விடவில்லை.

மூன்றாவது படியை எடுத்து வைத்தது சுதந்திர இந்தியா. 1958இல் நாகா மலைப் பகுதியின் கிளர்ச்சியை முன்னிட்டு நிறைவேற்றப்பட்ட ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆணையம் பெற்ற அதிகாரி, வாரண்ட் அதிகாரி ஆகியோருடன் என்.சி.ஓ.வையும் சேர்த்துக்கொண்டது. மணிப்பூர் உறுப்பினர் லைஷ்ராம் அச்சாவ் சிங் மக்களவையில் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. ‘கலவரப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடக் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது போன்ற தடையை மீறுபவர்மீது, பொது ஒழுங்கைக் காக்க அவசியம் என்று தாம் கருதினால், உயிர் போகும் அளவுக்குச் சுட ஓர் என்.சி.ஓ.வுக்கு இச்சட்டம் அதிகாரம் தருகிறது. சுடுமுன் எச்சரிக்கை தர வேண்டும் என்கிறது. அந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்று கருதுவதையும் அவரிடமே விட்டுவிடுகிறது. 1990இல் ஜம்மு காஷ்மீருக்கென்று இதேபோல் தனிச் சட்டம் வந்தது.

ஆக, பதினாறே ஆண்டுகளில் கேப்டனிடம் இருந்த அதிகாரம் ஹவில்தாரிடமும் நாயக்கிடமும் வந்து சேர்ந்தது. காடும் மலையும் நிறைந்த பகுதியில் சிறு சிறு அணிகளாகப் பிரிந்து போகும் ரோந்துக்கு ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரியை அனுப்ப முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் நடைமுறைக் காரணம். அதை நான் ஏளனம் செய்யவில்லை. இறங்கி வந்த அதிகாரத்தோடு என்ன இறங்கி வந்தது என்பதுதான் என் கேள்வி.

2. அமிர்தசரஸும் பெஷாவரும்

விடை தேடும் முன் இரண்டு பழைய நிகழ்வுகளைப் பார்ப்போம். முதலாவது, 1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயர் துப்பாக்கி ஏந்திய 50 வீரர்களை வரிசையாக நிறுத்தி, எச்சரிக்கை எதுவும் தராமல், சுமார் பத்து நிமிடம் சுட வைத்தார். கூட்டம் சிதறி ஓடத் தொடங்கிய பிறகும் சூடு நிற்கவில்லை. நெரிசல் மிகுந்த இடங்களைப் பார்த்துச் சுடச் சொன்னார். 1,650 ரவுண்டுகள் தீர்ந்தன. அரசுக் கணக்குப்படியே இறந்தவர்கள் 379 பேர். காயம்பட்டவர்களைக் கவனிப்பது தன் வேலை இல்லை என்று இதை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் சொன்னார். சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

மறு ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் இது விவாதத்துக்கு வந்தது. போர் அமைச்சராக இருந்த சர்ச்சில், அதிகாரி ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை அங்கே அடுக்கினார். கூட்டம் யாரையாவது தாக்குகிறதா? அதன் கையில் ஆயுதம் இருக்கிறதா? என் செயலின் நோக்கம் ஓர் எல்லைக்குள் நிற்கிறதா? இந்தியாவின் விடுதலையை விரும்பாத ஒருவர் வாயிலிருந்து வந்த கேள்விகள்தாம் இவை. ஆனாலும் குறைந்தபட்ச பலம் என்ற கோட்பாட்டுக்கு இவற்றைவிடத் தெளிவான சுருக்கம் எளிதில் கிடைக்காது.

டயர் ஒரு ஜெனரல். இந்த உரைக்கு அவரைவிட நெருக்கமானவர் ஒரு ஹவில்தார் மேஜர். 1930 ஏப்ரல் 23, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெரு. கான் அப்துல் கபார் கான் கைதானதை எதிர்த்து மக்கள் திரண்டிருந்தார்கள். ராயல் கட்வால் ரைபிள்ஸ் பிரிவைச் சேர்ந்த சந்திர சிங்கும் அவர் அணியினரும் நிராயுதபாணிகள்மீது சுட மறுத்தார்கள். கோர்ட் மார்ஷல் நடந்தது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை; 1941இல்தான் வெளியே வந்தார். அவரை நாடு ‘கட்வாலி’ என்ற அடைமொழியுடன் நினைவு வைத்திருக்கிறது.

கட்டளைக்குக் கீழ்ப்படிவது பற்றி நம் சட்டம் சொல்வதை இந்த இடத்தில் பார்த்துவிடலாம். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவுக்குத் தரப்பட்ட முதல் உதாரணமே ஒரு சிப்பாய்தான். மேலதிகாரியின் உத்தரவுப்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, கும்பலை நோக்கிச் சுடுகிறான். அவன் குற்றம் செய்யவில்லை என்கிறது அந்த உதாரணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. மாணவர்கள் இந்த உதாரணத்தைப் படிக்கும்போது ‘மேலதிகாரியின் உத்தரவு’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வரும் ‘சட்டத்தின் கட்டளைக்கு இணங்க’ என்ற நிபந்தனைதான் அதன் உயிர். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும்போது, சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான் குற்றமாக்குகிறது. சுதந்திர இந்தியாவின் ரோந்துத் தலைவர் ஒருவருக்கு, நிராயுதபாணியைச் சுடச் சொல்லும் உத்தரவு கேடயமாகாது.

3. ரோந்துத் தலைவரின் கடமைப் பட்டியல்

1958ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி, நாகா மக்கள் மனித உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. 1997 நவம்பர் 27இல் தீர்ப்பு. சட்டம் செல்லும் என்றார்கள். என்.சி.ஓ.வுக்கு இந்த அதிகாரம் கொடுத்தது தன்னிச்சையானது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பலருக்கு இந்தத் தீர்ப்பின்மேல் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதே தீர்ப்பு இன்னொரு காரியமும் செய்தது. ராணுவத் தலைமையகம் தன் படையினருக்குக் கொடுத்து வந்த ‘செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை’ பட்டியலை எடுத்து, இது வெறும் உள் அறிவுரை ஆகாது, இதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், மீறினால் நடவடிக்கை உண்டு என்று அறிவித்தது. ஒரு ரோந்துத் தலைவரின் வேலை என்ன என்பதற்கு நம் நாட்டில் உள்ள மிகத் தெளிவான ஆவணம் அதுதான்.

பட்டியல் மூன்று காலங்களாகப் பிரிகிறது: புறப்படும் முன், களத்தில், திரும்பிய பின்.

புறப்படும் முன் தலைவர் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை: போகும் இடம் ‘கலவரப் பகுதி’ என அறிவிக்கப்பட்டதுதானா? சோதனையிடப்போகும் இடத்தைப் பற்றி உள்ளூர் சிவில் நிர்வாகத்திடமிருந்து திட்டவட்டமான தகவல் வந்திருக்கிறதா? முடிந்தவரை அந்த நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவர் உடன் வருகிறாரா? சுடும் முடிவும் கைது செய்யும் முடிவும் அதிகாரி, ஜே.சி.ஓ., என்.சி.ஓ. நிலையினருக்கே உரியவை. சிப்பாய் தன் விருப்பத்தில் விசையை அழுத்த இடமில்லை. உயிருக்கு ஆபத்து வரும்போது எவருக்கும் உள்ள தற்காப்பு உரிமை அவனுக்கும் உண்டு, அது தனி.

களத்தில்: சுடுவது பொது ஒழுங்குக்கு இன்றியமையாததுதானா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும், உரிய எச்சரிக்கைக்குப் பிறகே சுட வேண்டும். சட்டப் பிரிவு எச்சரிக்கையின் அளவைத் தலைவரின் கருத்துக்கு விட்டது. பட்டியலோ எச்சரிக்கைக்குப் பிறகே என்று கதவை இறுக்குகிறது. தொடர்பில்லாதவர்களின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பெண்களைச் சோதிக்கப் பெண் போலீஸ் வேண்டும்.

சிவில் நிர்வாகத்துக்கு உதவியாக இறங்கும்போது சுடுவதற்கென்று தரப்பட்ட விதிகள் இன்னும் நுட்பமானவை. எச்சரிக்கை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். சுடுமுன் பிகில் ஊதியோ வேறு வழியிலோ கூட்டத்தின் கவனத்தை இழுக்க வேண்டும். ஆட்களைச் சிறு பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை நியமிக்க வேண்டும். சூட்டை அவர் நேரடி உத்தரவாலேயே கட்டுப்படுத்த வேண்டும். கலவரத்தில் உண்மையில் ஈடுபட்டு முன்னால் நிற்பவர்களையே குறிவைக்க வேண்டும். பின்னால் திரண்டிருக்கும் கூட்டத்துக்குள் சுடக் கூடாது. தாழக் குறிவைக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கிகள் ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். எத்தனை ரவுண்டு சுடப்பட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நோக்கம் நிறைவேறிய நொடியில் நிறுத்த வேண்டும். காயம்பட்டவர்களை உடனே கவனிக்க வேண்டும்.

இந்த வரிகளை ஜாலியன்வாலா பாக் விவரங்களின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டயர் அன்று செய்தவற்றுக்கு நேர் எதிரான விதிகள் இங்கே இருக்கின்றன.

திரும்பிய பின் வருவன தலைவரின் உழைப்பில் பாதிக்கு மேல் கேட்பவை. கைதானவர்களின் பட்டியல் எழுத வேண்டும். மிகக் குறைந்த தாமதத்தில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், நிலப்பரப்பைப் பொறுத்து அதிகம் போனால் 24 மணி நேர அளவுக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சூழலில் கைது நடந்தது என்ற அறிக்கையைக் கூடவே தர வேண்டும். கைப்பற்றிய ஆயுதங்களைப் பட்டியலிட்டு ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எந்த இடம், என்ன நேரம், யார் யார் பங்கேற்றார்கள், யார் தலைமை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் இறந்தால் உடலை உடனே விவரத்துடன் போலீசிடம் கொடுக்க வேண்டும். செய்யத்தகாதவற்றில் சில: கைதானவர் தப்பியோட முயன்றாலன்றி அவர்மீது பலம் கூடாது, சித்திரவதை கூடாது, படையினரே விசாரணை நடத்தக் கூடாது, பிடித்தவரைத் தாங்களே விடுவிக்கவும் கூடாது, சிவில் அதிகாரிகள் வழியாகத்தான் விடுவிக்க வேண்டும், ஆவணங்களைத் திருத்தக் கூடாது.

என் வாதத்தின் மையம் இதுதான். சுடுவதா வேண்டாமா என்ற முடிவில் ‘கருதினால்’ என்ற சொல் ஹவில்தாரின் மனத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. பட்டியல், ரசீது, ரவுண்டு கணக்கு, நேரக் குறிப்பு ஆகியவைதான் அந்தக் கருத்தை வெளியே கொண்டுவந்து இன்னொருவர் சரிபார்க்கக் கூடியதாக்குகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. டயரும் ரவுண்டுகளை எண்ணினார். 1,650 என்ற எண் நமக்குக் கிடைத்தது அதனால்தான். எண்ணிக்கை மட்டும் யாரையும் காப்பாற்றாது. அதைக் கேட்டு வாங்கிக் கேள்வி எழுப்ப அதிகாரம் உள்ள ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

4. விதி முறிந்த இடங்கள்

2014 நவம்பர் 3, காஷ்மீரின் பட்காம் மாவட்டம் சத்தர்காம். இளைஞர்கள் வந்த ஒரு மாருதி காரின்மீது ராணுவ நாக்காவில் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள். வெள்ளைக் காரில் தீவிரவாதிகள் வருகிறார்கள் என்று முன்பே தகவல் வந்திருந்தது, அடையாளம் தவறிப்போனது. சில நாட்களில் வடக்குப் படைத்தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் டி.எஸ். ஹூடா தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பொறுப்பேற்றார். ராணுவ விசாரணை ஒரு ஜே.சி.ஓ. உட்பட ஒன்பது பேர்மீது குற்றம் கண்டது.

வண்டிமீது சுடுவதில் உள்ள சிக்கலுக்கு வட அயர்லாந்திலும் ஒரு பெயர்பெற்ற வழக்கு உண்டு. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களின் சட்டைப் பையில் எப்போது சுடலாம் என்ற விதிகள் அச்சிட்ட மஞ்சள் அட்டை இருந்தது. 1990 செப்டம்பரில் மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் ஒரு ரோந்து, நிற்காமல் போன காரின்மீது சுட்டது. லீ கிளெக் என்ற சிப்பாயின் கடைசித் தோட்டா, கார் கடந்து போய்விட்ட பிறகு சுடப்பட்டது என்று விசாரணை நீதிமன்றம் முடிவு செய்தது. ஆபத்து கடந்துபோனதும் சுடும் நியாயமும் முடிந்துவிடுகிறது என்ற தர்க்கத்தில் கொலைத் தீர்ப்பு வந்தது. 1995இல் பிரபுக்கள் சபையும் அதை உறுதிசெய்தது. புதிய சான்றுகளால் 1998இல் அத்தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் கொலைக் குற்றத்திலிருந்து அவர் விடுதலையானார். ஆள் விடுதலையானாலும் சட்ட விதி நிலைத்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நியாயம் சொல்ல வேண்டும்.

2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் மோன் மாவட்டம், ஒட்டிங். நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து எட்டுத் தொழிலாளர்கள் ஒரு பிக்கப் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் வருகிறார்கள் என்ற தகவலின் பேரில் பதுங்கியிருந்த 21 பாரா சிறப்புப் படை அணி சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். ஆத்திரமடைந்த ஊராருடன் ஏற்பட்ட மோதலில் மேலும் ஏழு பேரும் ஒரு படைவீரரும், மறுநாள் மோன் நகரில் இன்னொருவரும் மாண்டார்கள். நிறுத்தச் சொல்லியும் வண்டி வேகமெடுத்தது என்று உள்துறை அமைச்சர் மக்களவையில் சொன்னார். உயிர் தப்பியவர்களில் ஒருவர் மறுத்தார். ஆளை உறுதியாக அடையாளம் காணாமல் சுட்டார்கள், நடைமுறை விதிகளைப் பின்பற்றவில்லை என்று நாகாலாந்து போலீசின் சிறப்புப் புலனாய்வுக் குழு முடிவுக்கு வந்து, 2022இல் 30 பேர்மீது குற்றப்பத்திரிகை அளித்தது. அந்த 30 பேரின் படிநிலையைக் கவனியுங்கள்: ஒரு மேஜர், இரண்டு சுபேதார், எட்டு ஹவில்தார், நான்கு நாயக், ஆறு லான்ஸ் நாயக், ஒன்பது சிப்பாய்கள். பதினெட்டுப் பேர் என்.சி.ஓ.க்கள்.

சத்தர்காமிலும் ஒட்டிங்கிலும் தவறு விசையில் தொடங்கவில்லை. மேலிருந்து வந்த ஒரு தகவலில் தொடங்கியது. இந்த நேரம், இந்தச் சாலை, இப்படி ஒரு வண்டி என்று சொல்லி அனுப்பும்போதே, வரும் முதல் வண்டி எதிரியின் வண்டியாகக் களத்தில் இருப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. தகவல் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், கண்ணால் கண்டு, நிறுத்தி, கேட்டு உறுதிசெய்வது ரோந்துத் தலைவரின் கடமை. அந்தக் கடமையை எளிதாக்குவதும் கடினமாக்குவதும் தகவல் கொடுத்து அனுப்பியவர் கையில் இருக்கிறது.

5. பதில் சொல்பவர் யார்?

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, இச்சட்டத்தின் கீழ்ச் செய்த செயலுக்காக யார்மீதும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. ஒட்டிங் வழக்கில் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. பின்னால் அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்றது. பதினான்கு குடிமக்களின் சாவில், அந்த ஹவில்தார்களைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எந்த சிவில் நீதிமன்றமும் சொல்லவில்லை. இது இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழைத்த அநீதி. குற்றமற்ற வீரர் ஒருவர் அந்த முப்பது பேரில் இருந்தால் அவருக்கும் அநீதி. அனுமதி கிடைக்காதவரை அவர் பெயரின்மேல் உள்ள சந்தேகத்தைத் துடைக்க எந்தத் தீர்ப்பும் வரப்போவதில்லை.

நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. அனுமதி கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்று 1997 தீர்ப்பே கூறியது. மணிப்பூரில் 1979 முதல் 2012 வரை 1,528 சட்டவிரோதக் கொலைகள் நடந்ததாகத் தொடுத்த வழக்கில், 2016 ஜூலை 8 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், யு.யு. லலித் அமர்வு இன்னும் தெளிவாகப் பேசியது: கலவரப் பகுதியில் கூட முழுமையான விலக்கு யாருக்கும் கிடையாது, தடையை மீறி ஆயுதம் வைத்திருந்தார் என்பதாலேயே ஒருவர் எதிரி ஆகிவிட மாட்டார்.

ராணுவத்துக்குள்ளும் இந்த விதிகள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அம்ஷிபோரா சான்று. 2020 ஜூலையில் காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் ராணுவத்தால் கொல்லப்பட்ட மூவர் தீவிரவாதிகள் இல்லை, ரஜோரியிலிருந்து வேலை தேடி வந்த கூலித் தொழிலாளர்கள் என்று தெரிந்ததும், உச்ச நீதிமன்றம் ஏற்ற ‘செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை’ மீறப்பட்டன என்று ராணுவமே அறிக்கை விட்டது. கோர்ட் மார்ஷல் ஒரு கேப்டனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2023 நவம்பரில் அதை நிறுத்திவைத்தது. இருந்தாலும் 1997இன் பட்டியல் காகிதத்தில் உறங்கவில்லை என்பது அந்த அறிக்கையில் தெரிகிறது.

6. செய்ய வேண்டியவை

2005இல் நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கப் பரிந்துரைத்தது. திரிபுராவில் 2015இலும் மேகாலயாவில் 2018இலும் சட்டம் விலக்கப்பட்டது. முழுமையாக நீங்கும் நாள் வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை மூன்று திருத்தங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

ஒன்று, உள்ளூர் மொழியில் எச்சரிக்கை, அடையாளத்தை உறுதிசெய்தல், ரவுண்டு கணக்கு, காயம்பட்டவருக்கு உதவி ஆகிய நான்கையும் 4ஆம் பிரிவுக்குள்ளேயே எழுத வேண்டும். பிரிவு ஒரு பக்கம், பட்டியல் மறுபக்கம் என்று இருப்பது ரோந்துத் தலைவருக்கே குழப்பம். இரண்டு, அனுமதி மனுமீது இத்தனை மாதத்துக்குள் முடிவு என்று கெடு வைக்க வேண்டும்; மறுத்தால் காரணத்தை வெளியிட வேண்டும். மூன்று, ஒரு ரோந்து யாரையாவது கொன்றால், தகவல் கொடுத்தவர், திட்டமிட்டவர், அனுப்பியவர் ஆகியோரின் பதிவுகளும் ஹவில்தாரின் பதிவோடு சேர்ந்தே விசாரணைக்கு வர வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் அரசு வழக்கறிஞராவீர்கள், சிலர் இறந்தவரின் தாய்க்காக வாதாடுவீர்கள், சிலர் அந்த ஹவில்தாருக்காகவே நிற்பீர்கள். மூன்று தரப்பிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த இரவின் பதிவு எங்கே, அதை யார் பார்த்தார்கள்? உயிரெடுக்கும் அதிகாரத்தை ஹவில்தார் வரை கொண்டுபோன அரசு, அது பற்றிய விசாரணையைத் தன் மேசையில் தடுத்து நிறுத்த உரிமை கேட்பது நியாயமில்லை.